ராத்திரி நூறு, காலையில் அறுபது: போன் சார்ஜ் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா தன் போனை என் கையில் திணித்தார். "தம்பி, ராத்திரி நூறுல வெச்சிட்டுப் படுத்தேன்பா. காலைல எந்திரிச்சுப் பாத்தா அறுபத்திரண்டு. தொடவே இல்ல." போன் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. 5000 எம்ஏஎச் பேட்டரி. கடையில் காட்டியிருக்கிறார்; "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக அவர் மாற்றவில்லை. கோளாறு பேட்டரியில் இல்லை. எதில் இருந்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இந்தப் புகாரோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்குகிறதா, சும்மா கிடக்கும்போது இறங்குகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதிகள். கையில் இருக்கும்போது இறங்கினால் பெரும்பாலும் டிஸ்பிளே, வீடியோ, கேம், கேமரா. சும்மா கிடக்கும்போது இறங்கினால் டவர், பின்னணியில் ஓடும் ஏதாவது ஓர் ஆப், அல்லது லொகேஷன். இது தெரியாமல் பிரைட்னஸைக் குறை, டார்க் மோடு போடு என்று ஆரம்பித்தால், தலைவலிக்காரருக்குக் காலில் தைலம் தடவுகிற கதைதான்.

மூன்று ராத்திரிக் கணக்கு

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கமும் ஒரு பேனாவும் போதும்.

முதல் ராத்திரி: படுக்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மணி என்ன, எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். காலையில் எழுந்ததும் போனைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் சதவீதத்தை எழுதுங்கள். அதிலும் ஒரு சின்ன விஷயம்: நூறில் ஆரம்பிக்காமல் 90 வாக்கில் ஆரம்பித்தால் நல்லது. பல போன்கள் நூறு என்று காட்டும் எண்ணைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துவைத்திருக்கும், கணக்கு பிசகும்.

இரண்டாவது ராத்திரி: அதே நேரம், கிட்டத்தட்ட அதே சதவீதம், ஆனால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுப் படுங்கள். அலாரம் அடிக்கும், கவலை வேண்டாம். ஆனால் அழைப்பு வராது. வீட்டில் உடம்புக்கு முடியாதவர்கள் யாராவது வேறு ஊரில் இருந்தால், இன்னொரு போனைக் கைவசம் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது ராத்திரி: ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் மட்டும் அணைத்துவையுங்கள். சிம் வேலை செய்யட்டும்.

இனி தாளைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் இறங்கினால் போன் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு சிம், ஏகப்பட்ட ஆப் என்று இருந்தால் ஏழு, எட்டு கூடப் போகும். பத்தைத் தாண்டினால் தேட வேண்டியதுதான். ஏரோபிளேன் மோடிலும் அதே அளவு இறங்கியிருந்தால், போனுக்கு உள்ளேயே ஏதோ ஒன்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி நிஜமாகவே தளர்ந்துவிட்டது. ஏரோபிளேன் மோடில் நின்று, டேட்டாவை அணைத்த ராத்திரியிலும் நின்றிருந்தால், இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் ஓர் ஆப்தான் குற்றவாளி. ஏரோபிளேன் மோடில் மட்டும் நின்று, டேட்டா இல்லாத ராத்திரியில் மறுபடி இறங்கியிருந்தால், டவர்.

சித்தப்பா வீட்டுக் கணக்கு இப்படி இருந்தது: முதல் ராத்திரி 92-லிருந்து 57. ஏரோபிளேன் மோடில் 92-லிருந்து 89. டேட்டா அணைத்த ராத்திரி 91-லிருந்து 58.

டவர் தின்னும் சார்ஜ்

தாளைப் பார்த்ததுமே பேட்டரி மேல் பழி இல்லை என்று தெரிந்துவிட்டது. போன் ராத்திரி முழுக்கக் கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். உள்ளறை, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், அதன் மேலே ஒரு சின்ன பலகை. அங்கே நின்று பார்த்தால் முதல் சிம்முக்கு இரண்டு கோடு. இரண்டாவது சிம்முக்கு ஒரு கோடு வருகிறது, போகிறது, அப்புறம் பெருக்கல் குறி. அந்த இரண்டாவது சிம் அவர் டவுனில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஊரில் அதற்கு டவர் சரியாக எட்டுவதில்லை.

பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசினால் போதும். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைத் தொண்டை கிழியக் கத்தித்தான் கூப்பிட வேண்டும். போனும் அப்படித்தான். டவர் தூரத்தில் இருந்தால், அல்லது நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால், சிக்னல் அனுப்ப அது கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். டவரே இல்லையென்றால் இன்னும் மோசம். எங்கேயாவது கிடைக்குமா என்று விட்டுவிட்டு ஒவ்வோர் அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். இரவெல்லாம்.

செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் இரண்டாவது சிம்மை அணைத்தேன். கழற்ற வேண்டியதில்லை, அங்கேயே ஒரு பட்டன் இருக்கிறது. டவுனுக்குப் போகும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். போனை முன் அறை ஜன்னலுக்கு மாற்றினோம். மறுநாள் காலை 90-லிருந்து 86. "அட, இவ்வளவுதானா!" என்றார் சித்தப்பா. இவ்வளவுதான்.

உங்கள் இடத்தில் 5ஜி வந்து வந்து போனால் அதையும் கவனியுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது அது இரண்டு விதமாக வந்தது. ஒரு விதத்தில் 5ஜி தனியாக நிற்கும். இன்னொன்றில் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஓடும், அதாவது போன் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இது பெரிய விஷயமில்லை. ஓரத்தில் இருக்கும் ஊர்களில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவியே களைத்துப்போகும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'விருப்பமான நெட்வொர்க்' என்ற இடத்தில் 4ஜியைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் வைஃபை இருந்து, டவர் மட்டும் மோசம் என்றால் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்கள்.

பேட்டரிப் பக்கத்தைப் படிக்கும் விதம்

ஆப்தான் காரணம் என்று உங்கள் தாள் சொன்னால், செட்டிங்ஸில் 'பேட்டரி', அதற்குள் 'பேட்டரி பயன்பாடு' என்ற இடத்துக்குப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'பேட்டரி' என்று அடித்தாலே வந்துவிடும். எந்த ஆப் எத்தனை சதவீதம் எடுத்தது என்று ஒரு பட்டியல் இருக்கும்.

இந்தப் பட்டியலை அநேகமாக எல்லாரும் தப்பாகத்தான் படிக்கிறார்கள். யூடியூப் 40 சதவீதம் என்று பார்த்துவிட்டுப் பதறிப்போய் அதை நீக்கியவர்களை எனக்குத் தெரியும். பல போன்களில் அந்த 40 என்பது, இதுவரை செலவான சார்ஜில் 40 பங்கு. மொத்தமே பத்து சதவீதம்தான் இறங்கியிருக்கிறது என்றால், யூடியூப் தின்றது நாலு. அதோடு, நீங்கள் இரண்டு மணி நேரம் பார்த்திருந்தால் அது தின்னத்தான் செய்யும். அது திருட்டு இல்லை, கூலி.

திருடனைப் பிடிக்க ஒவ்வோர் ஆப்பையும் தொட்டு உள்ளே போய் இரண்டு எண்களைப் பாருங்கள்: திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம். நீங்கள் ஒரு நிமிடம் மட்டும் திறந்த ஆப் பின்னணியில் ஐந்து மணி நேரம் ஓடியிருந்தால், அதுதான் ஆள். நான் இதுவரை பிடித்தவற்றில் அதிகமாகச் சிக்கியவை: என்றோ இறக்கிய ஷாப்பிங் ஆப், வானிலை விட்ஜெட், தானாக மாறும் லாக் ஸ்கிரீன் படம் காட்டும் வசதி, நடந்த அடிகளை எண்ணும் ஆப், யாரோ குழந்தைக்குப் போட்டுக்கொடுத்த கேம். பாட்டு கேட்பது, வழி காட்டுவது போன்ற ஆப்கள் பின்னணியில் நேரம் காட்டினால் அது நியாயம்; கேட்டது நீங்கள்தான்.

ஆளைப் பிடித்தபின் செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் செய்யுங்கள். தேவையில்லாத ஆப் என்றால் யோசிக்காமல் நீக்குங்கள். தேவை என்றால் முதலில் பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். ஒரு பதிப்பில் வந்த கோளாறு அடுத்ததில் சரியாகியிருக்கும். அப்புறம் அதன் லொகேஷன் அனுமதியை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால், ஆப்பின் பேட்டரிப் பகுதியில் பின்னணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். சில கம்பெனி போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு. போன் ஆன் ஆனதும் எதெல்லாம் தானாக எழுந்து உட்கார்கிறது என்று அதில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேகத்தில் வாட்ஸ்அப்பையும் கட்டுப்படுத்திவிடாதீர்கள். மெசேஜ் தாமதமாக வரலாம், வாட்ஸ்அப் அழைப்பு அடிக்காமலே போகலாம். வேலைக்கு எழுப்பும் அலாரம் ஆப், சர்க்கரை அளவு பார்க்கும் கருவியின் ஆப், ஆபீஸ் மெயில் ஆகியவற்றிலும் கை வைக்க வேண்டாம்.

ஐபோனிலும் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் இதே கணக்கு இருக்கிறது. அங்கே பின்னணியில் ஓடும் ஆப்களை அடக்க, 'ஜெனரல்' பகுதியில் 'பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்' என்ற பட்டியலில் வேண்டாதவற்றை அணைக்கலாம்.

கையில் இருக்கும்போது இறங்கினால்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. திரைதான் பெரிய செலவாளி. பிரைட்னஸைத் தானியங்கியில் விடுங்கள். வெயிலில் முழுசாக ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தும் இறக்க மறப்பதுதான் பலருடைய பிரச்சினை. ஸ்கிரீன் டைம் அவுட் 30 விநாடி. 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை என்றால் 60-க்கு மாற்றலாம். விரலால் தள்ளும்போது வழுவழுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எப்போதும் மணி காட்டிக்கொண்டிருக்கும் ஆல்வேஸ் ஆன் டிஸ்பிளே தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள்.

டார்க் மோடு பற்றி மட்டும் ஒன்று. அது ஓஎல்இடி, அமோலெட் திரைகளில்தான் சார்ஜைச் சேமிக்கும். அவற்றில் கறுப்பாக இருக்கும் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால், கறுப்பாகக் காட்டினாலும் செலவு அதேதான். பட்ஜெட் போன்கள் பலவற்றில் இருப்பது எல்சிடி. ஓஎல்இடியிலும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2021-இல் அளந்து பார்த்தபோது, பிரைட்னஸ் 30–50 சதவீதத்தில் இருக்கையில் டார்க் மோடால் மிஞ்சியது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான். முழு பிரைட்னஸில் வைத்தபோது 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள் பார்ப்பவருக்குப் பெரிய லாபமில்லை, வெயிலில் நின்று பார்ப்பவருக்கு நல்ல லாபம்.

செய்யாமல் விட வேண்டியவை

ரீசன்ட் பட்டனை அழுத்தி எல்லா ஆப்களையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. அடுப்பங்கரையைத் துடைத்த மாதிரி ஒரு திருப்தி. சார்ஜுக்கு அதனால் பயனில்லை. அங்கே தெரியும் ஆப்களில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. தள்ளிவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து எழுப்ப வேண்டும், அதற்குத்தான் அதிகச் செலவு. 2016-இல் ஆப்பிளில் ஐபோன் மென்பொருளைக் கவனிக்கும் கிரெய்க் ஃபெடரிகியும், அப்போது ஆண்ட்ராய்டுக்குத் தலைமை வகித்த ஹிரோஷி லாக்ஹைமரும் இதைத்தான் சொன்னார்கள். ஒரு ஆப் உறைந்துபோனால் தள்ளிவிடுங்கள், மற்றபடி வேண்டாம்.

பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஆப்கள், ரேம் துடைக்கும் ஆப்கள் எதையும் போடாதீர்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் வேலைகளை மொத்தமாக ஒத்திப்போடும் வசதி உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் காவல்காரர் விளம்பரத்தோடு வருவார், அவரும் சோறு தின்பார்.

மாதம் ஒருமுறை பூஜ்ஜியம் வரை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்–காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போதுள்ள லித்தியம் பேட்டரிக்கு அது நல்லதல்ல.

திடீரென்று ஆரம்பித்ததா?

நேற்று வரை நன்றாக இருந்து இன்று இறங்குகிறது என்றால், நேற்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். பெரிய அப்டேட் வந்திருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்; போன் உள்ளே படங்களை, ஆப்களை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். புதுப் போனில் பழைய போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் இறங்கும் முதல் சில நாட்களும் அப்படித்தான். புது ஆப் போட்டிருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள், மாதக்கணக்கில் அணைக்காத போன்களில் இது மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது.

அப்படியும் ஆள் சிக்கவில்லையென்றால் சேஃப் மோடு. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் 'பவர் ஆஃப்' எழுத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும். அதில் நீங்கள் இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாது. ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். சார்ஜ் நின்றால், நீங்கள் இறக்கியவற்றில் ஒன்றுதான் காரணம்; கடைசியாக வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். பொறுமை வேண்டும். மொத்தமாக அழித்துப் புதுசாக்கும் ரீசெட்டை இதற்கெல்லாம் அப்புறம், போட்டோக்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்தபிறகே தொடுங்கள்.

சூடு

நம் ஊர் வெயிலில் பேட்டரியைக் கொல்வது பயன்பாட்டைவிடச் சூடுதான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள்; சித்திரை வைகாசியில் திண்ணையே அதைத் தாண்டிவிடும். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, முழு பிரைட்னஸில் மேப் ஓட்டிக்கொண்டு, கூடவே சார்ஜும் போட்டு வெயிலில் போகும் டெலிவரி தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு அவர்களைவிட அந்த பேட்டரியின் மேல் பாவமாக இருக்கும் என்று சொன்னால் அடிப்பார்கள். ஆனால் அந்த மூன்றும் சேர்ந்தால் சூடு மூன்று பக்கமும் ஏறும். சார்ஜ் ஏறும்போது கனமான கவரைக் கழற்றுவது, தலையணைக்கு அடியில் வைக்காமல் இருப்பது, சார்ஜ் போட்டபடி கேம் ஆடாமல் இருப்பது, இந்த மூன்றும் காசில்லாத வைத்தியம். போனில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால், நாள் முழுக்க பிளக்குக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவைக்கலாம்.

பேட்டரியே தளர்ந்திருந்தால்

இதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. 30 சதவீதத்தில் இருந்த போன் கேமராவைத் திறந்ததும் பட்டென்று அணைந்துபோவது. மறுபடி சார்ஜில் போட்டால் 22 என்று காட்டுவது. சார்ஜ் மிக வேகமாக ஏறி, அதே வேகத்தில் இறங்குவது. ஏரோபிளேன் மோடு ராத்திரியிலும் சேஃப் மோடிலும் நிற்காமல் இறங்குவது.

ஐபோனில் பேட்டரி பகுதியிலேயே அதன் ஆரோக்கியம் சதவீதமாக இருக்கும். 80-க்குக் கீழே போய்விட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுற்று ஆனாலும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படியும், 15-லிருந்து 1000 சுற்று வரை நிற்கும்படியும் செய்யப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஒரு சுற்று என்பது மொத்தம் நூறு சதவீதம் செலவாவது. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் ஒரு சுற்றுதான். ஆண்ட்ராய்டில் சில புது மாடல்களில் இந்தக் கணக்கு செட்டிங்ஸிலேயே தெரியும். இல்லாதவற்றில் அக்குபேட்டரி என்ற ஆப்பைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு அது காட்டும் மதிப்பைப் பாருங்கள். ஓரிரு முறையில் காட்டுவதை நம்ப வேண்டாம்.

போனின் பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால், சமமான மேஜையில் வைத்தால் ஆடினால், திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. இதற்கு மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அணைத்து, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

மாற்றுவதென்றால் முதலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். வெளியே கடையில் மாற்றுவதானால், பேட்டரிக்கு எத்தனை மாத வாரன்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லிவிடுங்கள். திறந்து மூடிய போனில் பழையபடி தண்ணீர் தாங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

புது பேட்டரி போட்டு வந்த அன்றும் படுக்கும் முன் மணியையும் சதவீதத்தையும் அதே காலண்டர் தாளில் எழுதிவையுங்கள். காலையில் பத்துக்கு மேல் இறங்கியிருந்தால், பில்லோடு கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஏரோபிளேன் மோடு ராத்திரி இன்னொன்று பாக்கி இருக்கிறது.